மணையில் அமர்ந்த சிறுமி

சிலப்பதிகாரம் பன்னிரண்டு வயதுச் சிறுமியர் இருவரோடு தொடங்குகிறது. கண்ணகிக்கு மணம் நிகழ்ந்தபோது வயது பன்னிரண்டு. ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, சோழன் அவையில் மாதவி அரங்கேறியபோது அவளுக்கும் வயது பன்னிரண்டே. ஒருத்தியை மணமேடையிலும் மற்றவளை ஆடரங்கிலும் ஏற்றி ஊர் பார்க்கிறது. அந்த ஆடரங்கு எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது என்று இளங்கோவடிகள் அளந்து சொல்கிறார். மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை என்பதையும் சொல்கிறார். அந்தச் சிறுமியர் இருவரும் அன்று என்ன நினைத்தனர் என்பதற்குக் காப்பியத்தில் இடமில்லை. கண்ணகி தன் வாயால் பேசக் கேட்பதற்கு வாசகர் கனாத்திறம் உரைத்த காதை வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

தமிழாசிரியர் இந்தப் பகுதியை நடத்தும் வகுப்பில் பதின்மூன்று, பதினான்கு வயது மாணவியர் அமர்ந்திருப்பர். அவர்களுள் சிலர் அண்மையில்தான் வீட்டில் மணையில் அமர்த்தப்பட்டு, மஞ்சள் நீராடி, பட்டுடுத்தி, உற்றார் உறவினர் முன் தலைகுனிந்திருந்து வந்தவர்கள். அவர்களும் அன்று ஒரு சொல்லும் பேசியிருக்கமாட்டார்கள். வளரும் பெண்ணைப் பற்றிய பெண்ணிய நாடகம் எது, தமிழில் அது எங்கே தோன்றியது, நெகிரி செம்பிலான் தோட்டப்புற வாழ்வை அது தொடுமாயின் எவ்வாறு தொடும் என்னும் கேள்விகள் அந்த மணையிலிருந்தே பிறக்கின்றன.

பெண் பாத்திரம் மிகுதியாக உள்ள நாடகமெல்லாம் பெண்ணிய நாடகம் ஆகிவிடாது. பெண்ணுக்காகக் கண்ணீர் சிந்தும் நாடகமும் அப்படியே. அவ்வாறாயின் நல்லதங்காள் கூத்தைவிடச் சிறந்த பெண்ணிய நாடகம் இருக்க முடியாது. இதுவரை பிறரால் பார்க்கப்பட்டும் பேசப்பட்டும் வந்தவள், தன் உடலைப் பற்றியும் தன் காலத்தைப் பற்றியும் தானே பேசத் தொடங்கும் இடம் எதுவோ, அதுவே இவ்வகை நாடகத்தின் தொடக்கம். இந்தியாவில் 1979-ஆம் ஆண்டில் டில்லியில் வரதட்சணைக் கொலைகளைக் கண்டித்துத் தெருவில் ஆடப்பட்ட 'ஓம் ஸ்வாஹா' இந்த வரிசையில் முன்னிற்பது. 1983-இல் மும்பையின் 'ஸ்த்ரீ முக்தி சங்கடனா' என்ற மகளிர் அமைப்பு, ஜோதி மாப்சேகர் எழுதிய 'முல்கி ஜாலி ஹோ' என்ற மராத்தி நாடகத்தை மேடையேற்றியது. 'பெண் பிறந்தாள்' என்பது அத்தலைப்பின் பொருள். பிறப்பில் தொடங்கி ஒரு பெண் வளர வளர அவளுக்கென விதிக்கப்படுவனவற்றைப் பாட்டும் நையாண்டியுமாகச் சொன்ன அந்நாடகம் ஊர் ஊராகச் சென்றது.

கடல் கடந்த நாடு ஒன்றிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு இங்குப் பொருந்தும். 1976-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கிற்கு வந்த என்டோசாகே ஷாங்கேயின் கவிதை நாடகத்தில் கறுப்பினப் பெண்கள் எழுவர் தோன்றுகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை. உடுத்திய உடையின் வண்ணமே பெயர். பள்ளிப் பருவத்தின் முடிவு, முதற் காதல், ஏமாற்றம், வன்முறை என ஒவ்வொருத்தியும் தன் கதையைப் பேசியும் ஆடியும் உணர்த்துகிறாள். தமிழ் இலக்கியம் கற்றவருக்கு 'எழுவர்' என்றதும் உலா நினைவுக்கு வரும். அங்கும் பெண்கள் எழு பருவத்தினர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக அவர்களைப் பாட்டியல் நூல்கள் வகுக்கின்றன. ஐந்து முதல் ஏழு வரை பேதை, எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை, பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை, பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தை என்று வயதெல்லையும் காட்டப்படுகிறது. இப்பகுப்பின் அளவுகோல் யாது? வீதியில் உலா வரும் தலைவனைக் கண்டு ஒவ்வொரு பருவத்தாளும் எவ்வளவு மயங்குகிறாள் என்பதே. பேதைக்கு ஒன்றும் புரிவதில்லை. பெதும்பைக்குச் சிறிது புரிகிறது. மங்கை வளை கழலுகிறாள். பெண்ணின் வளர்ச்சியை ஓர் ஆடவன் தெருவைக் கடந்துபோகும் நேரத்தை வைத்து அளந்த இலக்கிய வகை இது.

பிள்ளைத்தமிழையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் எனப் பருவங்களை முடித்துச் சிறுமியை ஊஞ்சலில் விட்டுவிடுகிறது. உலா அவளை வீதிச் சாளரத்தில் எடுத்துக்கொள்கிறது. ஊஞ்சலிலிருந்து இறங்கிச் சாளரத்திற்கு வந்து சேரும்வரை அவளுக்கு நேர்ந்தது என்ன? அந்த இடைவெளிக்குத் தமிழ் மரபில் சிற்றிலக்கியம் இல்லை. சடங்கு உண்டு. இலக்கியம் மௌனமாக இருந்த இடத்தில் பந்தலும் சீர்வரிசையும் இருந்தன.

இனித் தோட்டத்திற்கு வரலாம். சிரம்பான், லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் என்று ஒரு பக்கமும், கோலப்பிலா, பகாவ், கெமாஸ் என்று மறுபக்கமுமாக இரப்பர்த் தோட்டங்கள் நெகிரி செம்பிலானை மூடியிருந்த காலம் ஒன்று உண்டு. 1920-களின் இறுதியில் அரசு வகுத்த ஊதிய அளவு, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே நிரையில் ஒரே மரத்தை வெட்டி, ஒரே மங்கிலிருந்து பால் எடுத்தாலும் பத்துக் காசு குறைவு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்றது. அப்பள்ளியிலும் சிறுமியின் இடம் நிலையற்றது. தாய் விடியற்காலை பிரட்டுக்குப் போனால் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகைக்கு எடுத்துச் செல்வதும், அடுத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்ப்பதும் மூத்த மகளின் கடமையாயின. மகன் வகுப்பில் இருந்தான்.

மாநிலத்தின் வேறொரு பக்கத்தையும் இங்கே நோக்குதல் தகும். நெகிரி செம்பிலான், தாய்வழி மரபாகிய 'அடாட் பெர்பாத்தே' நின்று நிலவும் மண். மினாங்கபாவ் வழிவந்த பன்னிரண்டு குலத்தாரின் பூர்வீக நிலம் அங்குப் பெண்மக்களுக்கே உரியது. 1909-இல் இயற்றப்பட்ட மரபுரிமை நிலச் சட்டம் அதற்கு எழுத்து வடிவமும் தந்தது. குலத் தலைமை ஆடவர் கையிலேயே இருந்ததாகலின் அதனைப் பெண்ணாட்சி என்று மிகைப்படுத்துவது பிழை. ஆயினும் ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் வாழ்ந்த ஒரு மலாய்ச் சிறுமி, தான் வளர்ந்தபின் இந்த நெல்வயல் தன்னுடையது என்று அறிந்து வளர்ந்தாள். அவ்வயலுக்கு அப்பால், இரப்பர் மரங்களுக்கிடையே இருந்த லயத்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுமிக்கு வீடும் சொந்தமில்லை. வேலை போனால் தகப்பனுக்கே லயமில்லை. மணமானால் அவள் வேறொரு தோட்டத்தின் வேறொரு லயத்திற்குப் போவாள். ஒரே மாநிலத்தின் இருவேறு பெண்மைகள் இவை. ஒரு நாடகாசிரியன் இதற்குமேல் எதிர்நிலை தேடவேண்டுவதில்லை. தமிழ் மேடை இதனைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை என்பது வியப்பே.

தோட்டத்தில் மேடையே இல்லாமலில்லை. மாரியம்மன் திருவிழாவில் இரவெல்லாம் கூத்து நடந்தது. அங்கே திரௌபதியும் சந்திரமதியும் ஆடவரே. பாய் விரித்து முன்வரிசையில் அமர்ந்த பெண்கள், மீசை மழித்த ஓர் ஆடவன் கூந்தல் விரித்து அழுவதைக் கண்டு தாமும் அழுதனர். இது நகைப்புக்குரியதன்று. பெண்ணின் துயரத்தை ஊரறியச் சொல்ல ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் பெண் நிற்கமுடியாமற் போனதுதான் சிக்கல். பின்னர்ச் சீர்திருத்தக் காற்று வீசியது. 1929-இன் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். 1952-இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தோற்றுவித்தார். பகுத்தறிவு நாடகங்கள் தோட்டங்களிலும் ஆடப்பட்டன. விதவை மறுமணமும் கலப்பு மணமும் மேடையில் நியாயமாயின. அவ்வியக்கம் தோட்டப் பெண்ணுக்குச் செய்த நன்மையைக் குறைத்துரைப்பது நன்றிகேடு. எனினும் அந்நாடகங்களில் நீண்ட வசனம் யாருக்கு வாய்த்தது என்று எண்ணிப் பார்த்தால் விடை தெளிவு. அடிமைப்பட்ட பெண்ணைப் பற்றிக் கதாநாயகன் பேசினான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், இறுதிக் காட்சியில் அவன் கைப்பற்றினாள்.

பள்ளி மேடையில் சிறுமிக்கு இடம் கிடைத்தது. தமிழ்த்தாயாகவும் பாரதியின் புதுமைப்பெண்ணாகவும் அவள் நின்றாள். ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடினாள். ஆறாம் ஆண்டு முடியும்வரை அது தொடர்ந்தது. அதன்பின் ஒரு நாள் அவள் பெரியவளானாள் என்று சொல்லப்பட்டது. மேடை அத்துடன் முடிந்தது. வீட்டு முற்றத்தில் வேறொரு மேடை அமைக்கப்பட்டது. பந்தல், வாழை, தாய்மாமன் சீர், ஆரத்தி, பார்வையாளர் என அரங்கிற்கு வேண்டிய யாவும் அங்கே இருந்தன. நடுவே இருந்தவளுக்கு மட்டும் வசனம் இல்லை. தோட்டப்புறச் சடங்கைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை புலனாகும்: தமிழ்ச் சிறுமிக்கென்றே சமுதாயம் அமைத்துத் தரும் முதல் அரங்கு இதுதான், அவள் வாய்பேசாப் பாத்திரம் ஏற்கும் அரங்கும் இதுதான்.

இச்சடங்கு நிகழும் காலத்திலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1965 முதல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு இல்லாமற் போகவே, தோட்டப் பிள்ளைகள் தடையின்றிப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழி திறந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தோர் 'ரிமூவ்' எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். அப்போது அவர்களுக்கு வயது பதின்மூன்று. தோட்டத்துச் செம்மண் சாலையைக் கடந்து, பேருந்தேறி, வேற்று மொழியில் பாடம் கேட்க வேண்டிய வயதும், 'இனி வெளியே போகாதே' என்று வீடு சொல்லும் வயதும் ஒன்றாகவே அமைந்தன. எத்தனை சிறுமியரின் கல்வி அந்த ஓராண்டில் நின்றது என்பதை அக்காலப் பள்ளி வருகைப் பதிவேடுகளே சொல்லவேண்டும். ஆண்பிள்ளையின் பதின்மூன்று வயதில் இத்தகைய முரண் இல்லை. பெண்ணின் வளர்பருவத்தைத் தோட்டப் பின்னணியில் நாடகமாக்க விழைவோர்க்கு மையக் காட்சி இதுவே. கொடுங்கோலன் ஒருவனையோ குடிகாரத் தந்தையையோ தேடி அலையவேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுதும், ஒரு பேருந்து நிறுத்தமும், பின்னாலிருந்து கூப்பிடும் ஒரு குரலும் போதும்.

சட்டமும் தாமதமாகவே வந்தது. முஸ்லிம் அல்லாதார்க்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. திருமண வயது பதினெட்டு என்றது. பதினாறு நிறைந்த பெண்ணுக்கு மட்டும் மாநில முதல்வரின் அனுமதியோடு விலக்களித்தது. அந்த விலக்கு பெண்ணுக்கே உண்டு, ஆணுக்கு இல்லை என்பது நோக்கத்தக்கது. பேதை, பெதும்பை என்று வகுத்த பாட்டியல் புலவர்க்கும் இக்காலச் சட்டம் இயற்றினோர்க்கும் இடையே இந்த ஒரு செய்தியில் அதிகத் தொலைவில்லை.

தமிழகத்தில் இந்த இடைவெளியை மேடையில் நிரப்பத் துணிந்தவர் அ. மங்கை. ('மங்கை' என்பதே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குரிய பருவப்பெயர் என்பது தற்செயலான பொருத்தம்.) 1993-இல் சென்னையில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் 'வாய்ஸிங் சைலன்ஸ்' என்ற நாடக முயற்சி தொடங்கப்பட்டது. மௌனத்திற்குக் குரல் தருதல் என்பது அப்பெயரின் கருத்து. அக்குழு 1994-இல் உருவாக்கிய 'பச்ச மண்ணு', பெண் சிசுக்கொலையைப் பொருளாகக் கொண்டது. அக்கொடுமையைக் கண்டித்து மேடையில் முழங்குவது எளிது. குழந்தையைக் கொன்ற தாயைச் சபித்துவிட்டு நகரத்தார் வீடு திரும்பலாம். இந்நாடகம் அவ்வழியை ஏற்கவில்லை. ஒரு பெண் பூப்பெய்துவதும் மணமாவதும் வளைகாப்புக் காண்பதுமாகிய வாழ்க்கைச் சடங்குகளையே தன் கட்டமைப்பாகக் கொண்டது. கிராமத்துப் பெண்களுக்குத் தெரிந்த பாட்டும், தெரிந்த சடங்கும், தெரிந்த மணையுமே அங்கு மேடைப்பொருள்கள். ஒவ்வொரு சடங்கும் செலவைக் கூட்டுகிறது. ஒவ்வொரு சீரும் மகளைப் பாரமாக்குகிறது. அந்தப் பாரத்தின் தொடக்கத்திலேயே பிறந்த குழந்தையின் சாவு எழுதப்பட்டுவிடுகிறது என்பதைப் பார்வையாளர் தாமே கூட்டிக் கணக்கிட்டுக் கொள்கின்றனர்.

இம்முறையின் வலிமை பெரிது; இடரும் உண்டு. சடங்கு அழகானது. மஞ்சளும் பூவும் குலவையும் மேடையில் வந்தால் பார்வையாளர் மனம் இளகும். கண்டிக்க வந்த சடங்கை மேலும் ஒருமுறை கொண்டாடிவிட்டுப் போகும் நிலை எளிதில் நேரும். சடங்கைக் கையாளும் நாடகம் ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: மணையில் இருப்பவள் பேசுகிறாளா? அவள் நாணிக் குனிந்தபடியே இருக்க, பக்கத்தில் நிற்கும் கதைசொல்லி அவளுக்காக விளக்கம் தந்தால், அது புத்துடை அணிந்த பழைய சீர்திருத்த நாடகமே. சடங்கை உள்ளிருந்து பேசவைப்பதும், சடங்கின்மேல் உரை நிகழ்த்துவதும் வேறுவேறு. 'பச்ச மண்ணு' முதல் வழியைத் தேர்ந்தமையாலேயே பிரசாரத்தைத் தாண்டி நிற்கிறது.

கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை'யும் வளரும் பெண்ணின் நாடகமே. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு அது அவ்வாறு தோன்றாது. 1953-இல் வெளிவந்த ஜெமினியின் 'ஔவையார்' படமும் கே.பி. சுந்தராம்பாளின் கம்பீரக் குரலும் தமிழர் மனத்தில் நிறுத்திய ஔவை, கோலூன்றிய மூதாட்டி. திருமணத்தினின்று தப்ப வேண்டி விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றாள் என்பது கதை. இக்கதையைப் பக்தியாகவே கேட்டுப் பழகிவிட்டதால் அதன் கொடுமை உறைப்பதில்லை. இளமையோடு இருந்துகொண்டு கவிஞராகவும் இருக்க ஒரு பெண்ணுக்கு வழியில்லை. எனவே அவள் தன் இளமையை ஒப்படைத்துவிட்டுக் கவிதையைப் பெற்றுக்கொள்கிறாள். காரைக்காலம்மையார் பேயுருக் கேட்டதும் இதன் மற்றொரு வடிவமே. இன்குலாபின் நாடகம் சங்கப் பாணராகிய ஔவையை மீட்டது. அதியமானோடு கள்ளுண்டவர், அவைகளில் தயங்காது பேசியவர், ஊர் ஊராகச் சென்றவர் அவர். முதுமை என்ற போர்வையைக் களைந்தால் உள்ளே ஓர் இளம்பெண் இருக்கிறாள் என்று மேடை காட்டியது. பள்ளிகளில் ஆத்திசூடி ஓதும் சிறுமிக்கு இச்செய்தி தெரியவேண்டும்.

மணிமேகலைக் கதையும் இன்குலாபின் நாடகமாயிற்று. காப்பியத்தைப் படிப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆடரங்கேற மறுத்தவள் மணிமேகலை என்பது பொதுவான கருத்து. அவளுக்காக மறுத்தவள் மாதவி. சித்திராபதி சொல்லியனுப்பியபோது, என் மகள் தவநெறியிற் செல்வாள் என்று முடிவு கூறியது தாயின் வாய். மகள் அப்போது மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு அவள் விட்ட கண்ணீர் பூவில் விழ, மாலை தூய்மை கெட்டது, புதுமலர் கொண்டுவா என்று தாய் அனுப்புகிறாள். நல்லது செய்யும் தாயும் மகளைக் கேட்பதில்லை என்பதற்குச் சாத்தனாரின் இக்காட்சியை விடச் சிறந்த சான்று இல்லை. தோட்டத்துத் தாய்மாரை நினைத்தால் இது மேலும் உறைக்கும். 'நான் பால்மரம் வெட்டிப் பட்டது போதும், நீ படிக்க வேண்டும்' என்றவள் மாதவியின் வழியினள். 'பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு' என்றவள் சித்திராபதியின் வழியினள். இருவருமே மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை.

மலேசியாவில் இவ்வகையில் எழுந்த ஆக்கங்களுள் கே.எஸ். மணியத்தின் 'தி சேண்ட்பிட்: உமன்சிஸ்' முதலில் எண்ணத்தக்கது. 1990-களின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்த ஆங்கில நாடகத்தில் தாஸ் என்பவனின் மனைவியர் சாந்தாவும் சுமதியும் பேசுகின்றனர். ஒருத்தி மரபில் ஊன்றியவள்; மற்றவள் மரபை மீறத் துடிப்பவள். கணவன் மேடையின் மையமாக இல்லாமல் அவனைப் பற்றிய காத்திருப்பே மையமாக இருப்பதால், இரு பெண்களின் நினைவுகள் தாமே நாடகமாகின்றன. தமிழ்ப் பெண்ணின் அகத்தை இந்நாட்டு மேடையில் இவ்வளவு ஆழமாகத் திறந்த முயற்சிகள் சிலவே. வருந்தத்தக்கது, அப்பெண்கள் ஆங்கிலத்தில் பேசுகின்றனர் என்பதுதான். சாந்தாவைப் போன்ற ஒருத்தி தன்னைப் பற்றிய நாடகத்தைக் கேட்டால் புரிந்துகொள்ள மாட்டாள். ஆசிரியரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை; அவர் தம் மொழியில் எழுதினார். தமிழில் எழுதுவோர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டதுதான் கேள்விக்குரியது. திரைப்படத்தில் தீபக் குமரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை' ஒரு முன்னோடி. 1960-களின் இரப்பர்த் தோட்டத்தில் மேற்படிப்புக்கு ஏங்கும் சாந்தா என்ற பெண்ணின் கதை அது. ஓசையின்றி நகரும் அப்படத்தில் பெரும் வசனங்கள் இல்லை. குடும்பத்தின் வரவுசெலவே வில்லன். நாடகமேடை அதனிடம் அடக்கத்தைக் கற்கலாம்.

ஈழத்தின் அனுபவமும் துணை செய்யும். 1980-களில் சி. மௌனகுருவின் 'சக்தி பிறக்குது' பெண்விடுதலையை மேடைக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் நாடகத்தையும் பெண்களிடையே எடுத்துச் சென்றது. போர்ச் சூழலில் நிகழ்ந்த அம்முயற்சிகளைத் தோட்ட வாழ்வோடு அப்படியே பொருத்த இயலாது. ஊர்க் கலைவடிவத்தைப் பெண்கள் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற துணிவு மட்டும் இங்கே கொள்ளத்தக்கது.

தோட்டப் பெண்ணின் வளர்பருவத்திற்குரிய வடிவங்கள் தோட்டத்திலேயே உள்ளன. பிரட்டு அவற்றுள் ஒன்று. இருள் பிரியாத வேளையில் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். ஒரு சிறுமியின் பெயர் முதன்முதலாகச் செக்ரோலில் ஏறும் நாள், சடங்குப் பந்தலைப்போலவே அவள் வாழ்வில் ஓர் எல்லைக்கல். சடங்கில் அவளைப் 'பெண்' என்று ஊர் அறிவித்தது. பிரட்டில் அவளை 'ஆள்' என்று தோட்டம் எழுதிக்கொண்டது. இவ்விரு காட்சிகளையும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வைத்தால் நூறு வரி வசனம் மிச்சமாகும். தாலாட்டும் ஒப்பாரியும் தோட்டத்துப் பாட்டிகளின் நாவில் இருந்தன. பெண் தன் சொந்தக் குறையை ஊர் நடுவே உரக்கச் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே வடிவம் ஒப்பாரிதான். இறந்தவரைப் பாடும் சாக்கில் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் அவள் ஒருசேர விசாரித்துவிடுவாள்.

செய்திகளும் குறைவல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் தங்கள் பெண்களிடம் தகாதமுறையில் நடப்பதை நிறுத்தவேண்டும் என்பதும் ஒன்று. அக்கோரிக்கையை ஆடவர் எழுதினர். அதற்குக் காரணமான சிறுமியர் யார், என்ன சொன்னார்கள் என்பது ஆவணத்தில் இல்லை. ஈராண்டு கழித்து 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படையில் மலாயாத் தோட்டப் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர். லயத்தைவிட்டு வெளியேற ஒரு பெண்ணுக்குத் திருமணமல்லாத வழி அன்று அது ஒன்றே. தேசபக்தி நாடகங்களில் அவர்கள் கொடியேந்தி நிற்கின்றனர். எதிலிருந்து வெளியேற எண்ணி அவள் சீருடை அணிந்தாள் என்று கேட்கும் நாடகமே பெண்ணிய நாடகமாகும். 1980-களில் செனவாங் தொழிற்பேட்டைக்குப் புறப்பட்ட கம்பெனிப் பேருந்துகளில் ஏறிய தோட்டத்து இளம்பெண்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். முதற் சம்பளத்தில் தனக்கென ஒரு கைக்கடிகாரம் வாங்கியவளும், முழுச் சம்பளத்தையும் தந்தையிடம் கொடுத்தவளும் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தனர். தோட்டத்திலேயே தங்கியவர்கள் முதுகில் களைக்கொல்லிப் புட்டியைச் சுமந்து பாராகுவாட் தெளித்தனர். அந்நஞ்சு இந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020-இல்தான்.

இவற்றை மேடையாக்கும் முறைக்கு 'காலக் கனவு' வழிகாட்டும். வ. கீதா எழுத, மங்கை இயக்கிய அந்நாடகம், தமிழ்ப் பெண்கள் தம் வாழ்வைப் பற்றி எழுதியும் பேசியும் வைத்தவற்றை ஆவணங்களிலிருந்து திரட்டி மேடையில் ஒலிக்கச் செய்தது. கற்பனைக் கதைநாயகி இல்லாமலே வரலாறு நாடகமாயிற்று. நெகிரி செம்பிலானில் அத்தகைய எழுத்தாவணம் குறைவு. எழுதப்படாத ஆவணம் உயிரோடு இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின; பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் பிறந்த சிறுமியர் இன்று அறுபதும் எழுபதும் கடந்து, சிரம்பானிலும் நீலாயிலும் மகன் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தொடரில் வரும் பெண்கள் ஓயாது பேசுகின்றனர். பார்ப்பவரை யாரும் கேட்பதில்லை.

தமிழ்ப்பள்ளி மேடைக்கு நாடகம் எழுதும் ஆசிரியர்க்கு இங்கே உடனடியான வேலை ஒன்றுண்டு. கண்ணகியின் சீற்றத்தையும் தமிழ்த்தாயின் அறிவுரையையும் மனப்பாடம் செய்யக் கொடுப்பதற்கு முன், மாணவியை அவள் பாட்டியிடம் அனுப்பி, 'நீங்கள் பெரியவளான அன்று என்ன நடந்தது, பள்ளியை விட்டு நின்ற அன்று என்ன நடந்தது' என்று கேட்டுவரச் செய்யலாம். சில பாட்டிகள் சிரிப்பர். சிலர் பேச்சை மாற்றுவர். ஒருத்தி சொல்லத் தொடங்கினால் அது நாடகத்தின் முதற் காட்சி. அக்காட்சியில் மணையில் அமரும் பாத்திரத்தைப் பதின்மூன்று வயதுப் பெயர்த்தி ஏற்பதா, அறுபத்தெட்டு வயதுப் பாட்டியே ஏற்பதா என்பதை இயக்குபவர் முடிவு செய்யட்டும். பாட்டி அமர்வதாயின் மணையைச் சற்று உயரமாகச் செய்யவேண்டியிருக்கும். மரம் வெட்டிய கால்கள் இப்போது அவ்வளவு மடங்குவதில்லை.